தங்கைக்குக் காண்டாக்ட் லென்ஸ்: எந்த வகை வாங்குவது, தண்ணீர்த் திருவிழாவில் போடலாமா?

கேள்வி: மியன்மாரில், யாங்கோனில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் தங்கைக்கு மைனஸ் 5 பவர். கண்ணாடி வேண்டாம், காண்டாக்ட் லென்ஸ்தான் வேண்டும் என்கிறாள். எந்த வகை நல்லது? ஏப்ரலில் பர்மியப் புத்தாண்டை ஒட்டி ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் தண்ணீர்த் திருவிழாவில் போட்டுக்கொள்ளலாமா?

பதில்:

திருவிழா நாட்களில் வேண்டவே வேண்டாம். மற்ற நாட்களில் தாராளமாகப் போடலாம். காலையில் புதிதாகப் போட்டு இரவில் எறிந்துவிடும் தினசரி லென்ஸாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள்.

இதே ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. லென்ஸ் போட்டுக் கண் சிவந்து வருகிறவர்களை உட்காரவைத்து விசாரித்தால், பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் புகுந்திருக்கும். லென்ஸோடு குளித்திருப்பார்கள், அல்லது லென்ஸ் வைக்கும் டப்பாவைக் குழாயடியில் கழுவியிருப்பார்கள். அதனால் வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்கு வருகிறேன்.

முதலில் பவர். கண்ணாடிச் சீட்டை நீட்டி அதே எண்ணுக்கு லென்ஸ் கேட்காதீர்கள். கண்ணாடி கண்ணிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழியின் மேலேயே உட்காருகிறது. மைனஸ் 5 கண்ணாடிக்கு லென்ஸ் ஏறத்தாழ மைனஸ் 4.75 ஆக வரும். கருவிழியின் வளைவையும் அளக்க வேண்டும். சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் டோரிக் லென்ஸ் தேவைப்படும். அது கண்ணுக்குள் சுழன்றுவிடாமல் ஒரே நிலையில் நிற்கும்படி செய்யப்பட்டது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தையும் தூரத்தையும் சேர்த்துக் காட்டும் மல்டிஃபோகல் லென்ஸ் இருக்கிறது. உங்கள் தங்கைக்கு அந்தக் கவலை இப்போது இல்லை.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மென்மையான லென்ஸ்தான். அதன் பிறப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே தம் வீட்டு மேசையில், பிள்ளைகளின் இணைப்பு விளையாட்டுப் பொருட்களையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஒரு கருவி கட்டி அதில் லென்ஸ் வார்த்தெடுத்தார். 1999-ல் சிலிகான் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் சந்தைக்கு வந்தன. கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது; தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. சிலிகான் வகை அதை அதிகமாக உள்ளே விடும். விலை சற்றுக் கூடினாலும் அதையே கேளுங்கள்.

கடினமான லென்ஸும் உண்டு. சிறியது, முதல் சில வாரங்கள் உறுத்தும். ஆனால் கருவிழி கூம்பாக நீளும் நோய் உள்ளவர்களுக்கு அது தரும் தெளிவைக் கண்ணாடியால் தர முடியாது.

இனி தண்ணீர். குழாய், கிணறு, ஏரி, ஆறு எங்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் கருவிழியை அரிக்கத் தொடங்கும். வலி தாங்க முடியாது, மருத்துவம் மாதக்கணக்கில் நீளும், சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும். நெருக்கடி வந்தால் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும் உயிர் அது. குளோரினுக்கும் எளிதில் சாகாது.

“தம்பி, குழாய்த் தண்ணீர் இல்லை. நாங்கள் குடிக்கிற 20 லிட்டர் பாட்டில் தண்ணீரில்தான் என் மகள் டப்பாவைக் கழுவினாள்” என்று ஓர் அம்மா என்னிடம் வாதாடினார். குடிக்கச் சுத்தமான தண்ணீர் வேறு, கிருமி அறவே இல்லாத திரவம் வேறு. கொதிக்கவைத்து ஆறவைத்தாலும் லென்ஸுக்கு ஆகாது. கண்ணீரில் இருக்கும் உப்பு அதில் இல்லாததால் மென்மையான லென்ஸ் அதை உறிஞ்சி உப்பிக் கருவிழியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் உப்புக் கரைத்துச் செய்வதும் கூடாது. 1980-களில் அமெரிக்காவில் லென்ஸ் போட்டவர்களிடையே அகந்தமீபா நோய் பரவியபோது, வீட்டில் தயாரித்த உப்புநீர் ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இப்போது திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வாளியில் அள்ளுவது, குழாயில் பீய்ச்சுவது எல்லாம் ஏரித் தண்ணீரா, தொட்டித் தண்ணீரா, யார் கண்டார்கள்? மண்டலே நகரில் பழைய அரண்மனையைச் சுற்றியுள்ள அகழித் தண்ணீரையே இறைத்து ஊற்றுகிறார்கள். முகத்துக்கு நேரே அடிக்கும்போது லென்ஸ் நழுவும், கண்ணும் கீறும். அந்த நான்கைந்து நாட்களுக்குப் பழைய கண்ணாடியைப் பின்னால் கயிறு கட்டி மாட்டிக்கொள்ளட்டும். புத்தாண்டுக் காலையில் கோயிலுக்குப் போகும்போது லென்ஸ் போட ஆசைப்பட்டால், தலைக்குக் குளித்து முகம் துடைத்த பிறகு போடலாம்.

கையைக் கழுவுவதற்கு மட்டும் குழாய்த் தண்ணீர் தவிர்க்க முடியாதது. ஆகவே சோப்புப் போட்டுக் கழுவியபின், நூல் உதிராத துணியால் ஈரம் ஒட்டத் துடைக்க வேண்டும். தனாக்கா (மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் மஞ்சள் நிறப் பூச்சு) பூசும் பிள்ளைகளிடம் நான் நகத்தைக் காட்டச் சொல்வேன். விரல் சுத்தமாகத் தெரியும். நகக்கண்ணில் மஞ்சள் மாவு அப்படியே இருக்கும். லென்ஸில் அது ஒட்டினால் நாள் முழுக்க உறுத்தும். லென்ஸை முதலில் போட்டுவிட்டு, கண்ணை ஒட்டாமல் தனாக்கா பூசுவதே சரி. போடும் முன் லென்ஸை விரல் நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். கிண்ணம் போல விளிம்பு நேராக நின்றால் சரி. வெளிப்பக்கம் விரிந்திருந்தால் உள்வெளி மாறியிருக்கிறது.

தினசரி லென்ஸ் கட்டுப்படியாகாமல் மாத லென்ஸ் வாங்கினால் வேலை கூடும். இரவு கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸுக்கென்றே கடையில் விற்கும் கிருமிநீக்கிக் கரைசல் விட்டு விரலால் மெல்லத் தேய்த்து, மறுபடி கரைசலால் அலச வேண்டும். டப்பாவில் நேற்றைய கரைசலின் மேலேயே புதிதை ஊற்றாமல் முழுவதும் கொட்டிவிட்டு நிரப்புங்கள். காலையில் டப்பாவைக் கரைசலாலேயே அலசித் துடைத்துக் கவிழ்த்துக் காயவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாத லென்ஸ் என்பது பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம், போட்ட நாட்களை மட்டும் கூட்டி முப்பது அல்ல. எந்த லென்ஸையும் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, பகல் தூக்கம் உட்பட. மாலையில் மின்சாரம் போகும் வீடு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கலர் லென்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்லூரிப் பெண் என்பதால் சொல்கிறேன். பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் அளவு பார்க்க வேண்டும். தோழிகள் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தியின் கண்ணிலுள்ள கிருமி மற்றவளுக்குப் போக இதைவிட நேர்வழி இல்லை. சீல் உடைந்ததையும் காலாவதித் தேதி அழிந்ததையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ லென்ஸை உடனே கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மட்டும் குறையும், உள்ளே நோய் வளரும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க மருத்துவர் அதிலிருந்து மாதிரி எடுக்கக்கூடும்.