நாய்க்குட்டிக்கு எத்தனை ஊசி?

கேள்வி: கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து என் கணவர் ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி வந்திருக்கிறார். பிறந்து 55 நாள் ஆகிறது. டாக்டர் கூட்டுத் தடுப்பூசி மூன்று முறை, ரேபிஸ் இரண்டு முறை, அதுபோகக் கொரோனா, கென்னல் காஃப் என்று ஒரு பட்டியலே கொடுத்துவிட்டார். அத்தனையும் குட்டி தாங்குமா என்று பயமாக இருக்கிறது. பாதி டோஸ் போதும் என்கிறார் கணவர். நாட்டு நாய்க்கு ஊசியே வேண்டாம், தயிர்சாதம் போதும் என்கிறார் மாமனார். குட்டி வந்ததிலிருந்து நிம்மதியே இல்லை. வேலைக்கு வரும் அக்கா கையில் அதன் பல் பட்டுவிட்டது என்று டெட்டால் போட்டு அனுப்பினேன், அவரும் நான்கு நாளாக வரவில்லை. எந்த ஊசியைக் குறைக்கலாம், சொல்லுங்கள். — வாசகி, மதுரை

பதில்: கடிதம் முழுக்கக் குட்டி. அந்த அக்காவுக்கு ஒரே ஒரு வரி. அதிலும் பாதி, அவர் வேலைக்கு வராத குறை.

"பல் பட்டுவிட்டது" என்கிறீர்கள். கீறலா, தோல் கிழிந்ததா, ரத்தம் வந்ததா, ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பிள்ளை கையில் அதே பல் பட்டிருந்தால் டெட்டாலோடு விட்டிருப்பீர்களா? அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்குள் உங்கள் நாய் கடித்தவர் உங்கள் பொறுப்பு. அவர் சம்பளம் வாங்குகிறார் என்பதால் அது குறைந்துவிடாது.

இன்றே அவர் வீட்டுக்குப் போங்கள். போன் செய்து "பார்த்துக்கோங்க" என்று வைத்துவிட வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டாலும் கழுவலாம். பிறகு உங்கள் வண்டியிலேயே ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். தோலுக்குள் போடும் முறை என்றால் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். அதை டாக்டரிடம் நீங்களே கேளுங்கள், அந்த அக்கா கேட்கத் தயங்குவார். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், இப்போது தொடங்கினாலும் பலன் உண்டு. ஊசி நாட்களுக்கும், வராத நான்கு நாளுக்கும் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்.

இத்தனை சின்னக் குட்டிக்கு எங்கே வெறிநோய் வரும் என்பீர்கள். ஊரில் தாயையோ குட்டியையோ எந்த நாய் கடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். கடித்த நாளிலிருந்து பத்து நாள் குட்டியை வீட்டிலேயே வைத்துக் கவனிக்கச் சொல்வது அதனால்தான். பத்து நாள் கழித்தும் அது நன்றாக ஓடியாடித் தின்றால், கடித்தபோது எச்சிலில் வைரஸ் இல்லை என்று பொருள். மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். பத்து நாள் போகட்டும், பிறகு ஊசியைத் தொடங்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மருத்துவத்தின் கையில் ஒன்றும் இல்லை.

இனி குட்டிக்கு வருவோம். அந்தப் பத்து நாளில் அதற்கு எந்த ஊசியும் வேண்டாம். பூச்சி மருந்து கொடுத்தாரா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் எடை பார்த்து இப்போதே கொடுக்க வேண்டும். ஆறு மாதம்வரை அது தொடரும்.

கூட்டுத் தடுப்பூசி மூன்று முறை போடுவது ஒரே மருந்தைத்தான். சீம்பாலில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரம் நிற்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே அழித்துவிடும். எந்த வாரம் அது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும், கூடப் பிறந்தவற்றுக்குள்ளேயே மாறும். அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போட்டுக்கொண்டே வந்து, 16 வாரம் முடிந்தபின் கடைசி ஊசி. உங்கள் குட்டிக்கு ஒன்பது அல்லது பத்தாவது வாரம், பதின்மூன்றாவது வாரம், பதினாறு முடிந்த பிறகு ஒன்று. ரேபிஸ் பதின்மூன்றாவது வாரத்தில் ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று. "வளர்ந்துவிட்டதே" என்று கடைசி ஊசியை விடுகிற வீடுகளில்தான் பார்வோ என்னும் குடல் வைரஸ் நோய் நுழைகிறது. நேற்று துள்ளிய குட்டி இன்று மூலையில் சுருண்டு, ரத்தமாகப் பேதி போகும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலை நம்ப முடியாது. அதனால் கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்காதீர்கள். வெளியே போட்ட செருப்போடு யாரும் குட்டியிருக்கும் இடத்துக்கு வர வேண்டாம்.

குறைக்கலாமா என்றால், குறைக்கலாம். கொரோனா ஊசி தேவையில்லை. உலகச் சிறுபிராணி மருத்துவர் சங்கமே அதைப் பரிந்துரைப்பதில்லை. (மனிதருக்கு வந்த கொரோனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) கென்னல் காஃப் என்னும் தொற்று இருமலுக்கான ஊசி, நாயை நாய் விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு. ஒரு வயதில் பூஸ்டர் போட்டபின், கூட்டுத் தடுப்பூசி தடுக்கிற டிஸ்டெம்பர் (நுரையீரலையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), பார்வோ, ஹெபடைடிஸ் (கல்லீரல் நோய்) மூன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும். வருடா வருடம் வேண்டியவை ரேபிஸும் லெப்டோவும்.

லெப்டோ என்பது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து நாய்க்கு வரும், நாயின் மூத்திரத்திலிருந்து மனிதருக்கு வரும். உங்கள் வீட்டில் குட்டி நனைத்த தரையை வெறுங்கையால் துடைப்பது யார்? அதனால் அந்த ஊசியைக் குறைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கி வையுங்கள்.

உங்கள் கணவரின் பாதி டோஸ் வெறும் தண்டம். இது எடைக்கு ஏற்ப ஊற்றும் காய்ச்சல் சிரப் அல்ல. உடம்பை விழிக்க வைக்கக் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்பதுதான் அந்த டோஸ், பெரும்பாலும் 1 மி.லி. கிரேட் டேன் போன்ற பெரிய ஜாதி நாய்க்கும் அதுதான், உங்கள் குட்டிக்கும் அதுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று கடையில் வாங்கிப் பையில் போட்டு வெயிலில் கொண்டு வரவும் வேண்டாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் அது மருந்து. டாக்டர் பொடியையும் நீரையும் உங்கள் கண்ணெதிரே கலக்கட்டும், குப்பியின் ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டட்டும்.

மாமனார் சொல்வதில் பாதி சரி. சிப்பிப்பாறை வெயில் தாங்கும், ஓட்டம் தாங்கும். ஆனால் பார்வோ ஜாதி பார்த்து வருவதில்லை. ஊரில் ஒரு ஈற்றுக்கு எட்டுக் குட்டி போட்டு மூன்று பிழைத்தால், நம் கண்ணில் படுவது அந்த மூன்றும்தான். செத்த ஐந்தை யார் கணக்கில் வைத்தார்கள்?

நாயைக் கேட்காமல் கொண்டு வந்தாரோ கேட்டுக் கொண்டு வந்தாரோ, கொண்டு வந்தவர் உங்கள் கணவர். ஊசி அட்டை அவரிடமே இருக்கட்டும், ஊசிக்கு அவரே தூக்கிப் போகட்டும். போட்டவுடன் வண்டியை எடுக்காமல் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்லுங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ அது ஒவ்வாமை, உடனே டாக்டர் அதற்கான ஊசி போட வேண்டும். அன்று கொஞ்சம் சோர்ந்து படுத்தால் பயப்பட வேண்டாம், மறுநாளும் எழாமல் சாப்பிடாமல் கிடந்தால் திரும்பத் தூக்கிப் போகட்டும்.