கோடை விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போய் நீங்கள் பட்ட பாடு எது?

ஒன்றை மட்டும் சொல் என்றால் கஷ்டம். போன கோடையில் மட்டும் நான்கைந்து நடந்தது. ஆனால் எல்லாம் ஒரு புளியங்கொட்டையில் ஆரம்பித்து இன்னொரு புளியங்கொட்டையில் முடிந்ததால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது ஓசூர். அம்மா வீடு தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே என் வீட்டுக்காரர் எங்கள் மூவரையும் ராயக்கோட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கையாட்டிவிடுவார். அந்த முகத்தில் இருக்கிற நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்கிற வேலை சித்திரை வரைக்கும் இழுக்கும். நாங்கள் போய் இறங்கியபோது திண்ணை முழுக்கப் புளி. அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் எதிரெதிரே கால் நீட்டி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் நடுவில். அரை மணி நேரமாக அவன் சத்தமே கேட்கவில்லையே என்று எனக்கு உறைக்கவில்லை. நான் பாட்டுக்கு போனில் இருந்தேன்.

அப்புறம் மெதுவாக வந்து என் முட்டியைத் தட்டினான்.

"அம்மா, மூக்கு புளிக்குது."

நான் சிரித்துவிட்டேன். நாக்கு புளிக்கும், மூக்கு எப்படிடா புளிக்கும் என்று தூக்கி மடியில் வைத்துப் பார்த்தால், வலது மூக்குக்குள் பளபளவென்று கருஞ்சிவப்பில் ஒன்று தெரிகிறது. கொட்டை. நல்லவேளை, பிஞ்சுக் கொட்டை. ஆனால் மூன்றரை வயது மூக்குக்கு அது போதாதா?

இந்த இடத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கொண்டை ஊசியை எடுத்து நெம்பப் பார்த்தேன். கொட்டை வழவழப்பு, ஊசி பட்டதும் வழுக்கி இன்னும் உள்ளே போய்விட்டது. அதுவரை பளபளவென்று தெரிந்தது இப்போது விளிம்பு மட்டும்தான் தெரிகிறது. அவன் அழ ஆரம்பித்தான். அழும்போது மூக்கை உறிஞ்சுவான் இல்லையா, ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் என் வயிறு கலங்கியது. பெரியம்மா இடுப்பிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, "ஒரு சிட்டிகை வச்சா தும்மல்ல தானா வந்துரும் சாமி" என்றார். அம்மா, தண்ணீர் ஊற்றிச் சீந்தச் சொல்லலாமா என்றார். நான் இரண்டையும் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு தம்பியின் பைக்கில் ஏறிவிட்டேன். புத்தியால் அல்ல, பயத்தால்தான்.

பாலக்கோட்டில் ஒரு கிளினிக். அந்த டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கருவி எதையும் எடுக்காமல் என்னைப் பார்த்து, "நீங்களே எடுத்துடலாம், வாங்க" என்றார். குழந்தையின் வாயை என் வாயால் காற்றுப் போகாமல் மூடி, அடைப்பு இல்லாத மூக்கை விரலால் அழுத்திக்கொண்டு, பட்டென்று ஒரே ஊது. குழந்தையிடம் முத்தம் கொடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். முதல் ஊதில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் 'ப்ளக்' என்று கொட்டையும் கூடவே ஒரு கரண்டிச் சளியும் என் கன்னத்தில் வந்து ஒட்டின. சின்னவனுக்கு அழுகை நின்று ஒரே சிரிப்பு. "இன்னொரு வாட்டி" என்கிறான்.

டாக்டரம்மா சொன்னதில் மூன்று விஷயம் இன்னும் மனதில் நிற்கிறது. மூக்கில் கொட்டை, பயறு போன்றவை போனால் தண்ணீர் விடக் கூடாது. ஊறி உப்பினால் எடுப்பது இன்னும் சிரமம். கண்ணில் தெரிகிறதே என்று நெம்பக் கூடாது. பின்னால் தள்ளிவிட்டால் மூச்சுக்குழலுக்குப் போகிற ஆபத்து இருக்கிறது. பொத்தான் மாதிரி இருக்கிற சின்ன பேட்டரி போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது உள்ளே இருந்தபடியே சதையை அரித்துவிடும். இந்த ஊதுகிற வித்தை எல்லா முறையும் பலிக்காது, இரண்டு மூன்று முறையில் வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்கே திண்ணைப் புளியெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டது. ஆனால் பெரியவள் விட்டால்தானே. அதற்குள் அவள் ஆயாவிடம் பல்லாங்குழி கற்றுக்கொண்டிருந்தாள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது கொட்டை. சோழி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமாம், கொட்டைதான் வேண்டுமாம். சரி என்று ஒரு சட்டம் போட்டேன்: ஆட்டம் முடிந்ததும் என் முன்னால் எழுபதையும் எண்ணி டப்பாவில் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் தம்பியின் மூக்கை டார்ச் அடித்துப் பார்ப்பேன். இந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டை எனக்கு அப்போது தெரியவில்லை.

நடுவில் ஒரு நாள் மானம் போனது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிற பெரியவர் அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா, நீங்க பல்லே தேய்க்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கோபப்படவில்லை, இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்து, "தினம் வேப்பங்குச்சிதான் கண்ணு. எங்க ஊர்த் தண்ணி அப்படி. உங்கம்மா பல்லைப் பாரு" என்று என்னை மாட்டிவிட்டார்.

உண்மைதான். என் முன்பற்கள் இரண்டிலும் காவி நிறத்தில் கோடு இருக்கும். கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். ஆழமாக போர் போட்டு எடுக்கிற தண்ணீரில் அது கரைந்து வரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரைச் சின்ன வயதில், பல் உருவாகிற காலத்தில், தொடர்ந்து குடித்தால் கறை பல்லுக்குள்ளேயே படிந்துவிடும். தேய்த்தால் போகாது. ஜப்பான் கடனுதவியில் வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் இங்கே போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களை வாயைத் திறந்தாலே கண்டுபிடித்துவிடலாம். இதையெல்லாம் ஏழு வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்ப நீயும் ஒழுங்கா பல்லு தேய்க்கிறியா?" என்றாள்.

அதே பெரியவர் போகும்போது, விழுந்த காயைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெங்களூரா மாங்காய், வெளியூரில் கிளிமூக்கு என்பார்கள். பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிற காய் என்றாலும் உப்பு, மிளகாய்த்தூளுக்கு அதுதான் ருசி. பெரியவள் கத்திக்குக் காத்திருக்கவில்லை. காம்பைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறாள், பால் பீச்சி உதட்டு மேல் அடித்துவிட்டது. மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து, "எனக்கு மீசை வந்துடுச்சு" என்று ஒப்பாரி. மா, முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் ஒரே குடும்பத்து மரங்கள், பால் பட்ட இடம் புண்ணாகிக் கறுத்துவிடும். பட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. மீசை மறைய பத்து நாளுக்கு மேல் ஆனது. அதுவரை தம்பி அவளை "மாமா" என்றுதான் கூப்பிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார், ஒகேனக்கல் போனோம். பாப்பாரப்பட்டி, பென்னாகரம் தாண்டி மலையிறக்கத்தில் பெரியவள் வாந்தி எடுத்ததை விட்டுவிடுகிறேன். மே மாதம் ஆதலால் தண்ணீர் குறைவு, பாறையெல்லாம் தெரிந்தது. பரிசலுக்காக நான் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பயந்திருந்தேன். அங்கே ஒன்றும் ஆகவில்லை. சின்னவனுக்குப் போட்ட பாதுகாப்புச் சட்டை முழங்கால் வரைக்கும் தொங்கியது. அந்தக் கோலத்தில் அவன் பரிசல்காரருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தான்.

ஆனது கரையில்தான். எண்ணெய்க் குளியல் இல்லாமல் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பக் கூடாது என்பது இவர் கொள்கை. பாறையில் குப்புறப் படுத்தார். எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையையும் சேர்த்து, படார் படார் என்று தட்ட ஆரம்பித்தார். இவர் சுகத்தில் "ஆ... ஆ..." என்கிறார். அதுவரை வறுத்த மீனை நக்கிக்கொண்டிருந்த சின்னவன் தட்டைக் கீழே போட்டான். ஓடினான். "எங்கப்பாவ அடிக்காத!" என்று கத்தியபடி அந்த மனிதரின் கெண்டைக்காலைக் கடித்தான். சும்மா கடி இல்லை, பிடித்த பிடியை விடவில்லை. எண்ணெய்க்கால் என்பதால்தான் பல் கடைசியில் வழுக்கியது. இவர் எழுந்து தடுக்கப் போக, உடம்பெல்லாம் எண்ணெய், ஈரப்பாறை வேறு, அப்படியே சறுக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து மூன்றடி போனார். கடி வாங்கியவர்தான் கை கொடுத்துத் தூக்கினார். "புலிக்குட்டி பெத்திருக்கீங்க சார்" என்று சொல்லி, பேசிய கூலிக்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். கால் தழும்பை நான் பார்த்தேன். எட்டுப் பல், வரிசை தப்பாமல்.

அன்று இரவு களைத்துப் போய் வந்தும் பெரியவள் பல்லாங்குழியை எடுத்தாள். ஆட்டம் முடிந்து எண்ணினால் அறுபத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். அறுபத்தொன்பது. தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி மூக்கு, காது, வாய் மூன்றிலும் டார்ச் அடித்தேன். பாயை உதறினோம். அப்பா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினார். முதுகு பிடித்துக்கொண்ட நிலையில் என் வீட்டுக்காரர் குனிந்து திண்ணையைத் துழாவினார். விழுங்கியிருந்தால் தானாக வெளியே வந்துவிடும், ஆனால் இருமலோ மூச்சில் விசில் சத்தமோ இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, விடிய விடிய அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பாட்டுக்குக் குறட்டை விட்டான்.

காலையில் பெரியவளுக்குத் தலை வார உட்கார்ந்தேன். ரிப்பனை அவிழ்த்ததும் தரையில் டக் என்று ஒரு சத்தம். கொட்டை உருண்டு போய் அம்மாவின் கால் பக்கம் நின்றது.

"ஏன்டி?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "கொட்டை காணோம்னாதான நீ டார்ச்ச எடுப்ப? தம்பிய மட்டும் பார்க்கிற. என் மூக்க ஒரு வாட்டிகூடப் பார்க்கல."

எனக்கு வந்த கோபம் பாதி வழியில் எங்கோ போய்விட்டது. டார்ச்சை எடுத்துவந்து அவள் மூக்கை, காதை, தொண்டையை எல்லாம் நிதானமாகப் பார்த்தேன். கூசுகிறது என்று நெளிந்தாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை. அம்மா கீழே கிடந்த கொட்டையை எடுத்து முந்தானையில் துடைத்து டப்பாவில் போட்டார்.

"எழுபது. வா, ஆடலாம்."