ஜவ்வு ஒட்டு எலும்போடு சேர பி.ஆர்.பி. போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. கால்பந்து ஆடும்போது வலது முழங்காலில் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாகக் கிழிந்துவிட்டது. தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து ஒட்டுப் போடப் போகிறார்கள். அத்துடன் பி.ஆர்.பி. (நம் ரத்தத்திலிருந்தே பிரிக்கும் தட்டணுத் திரவம்) போட்டால், அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் (திசுவை வளரத் தூண்டும் புரதங்கள்) வேலை செய்து ஒட்டு சீக்கிரம் எலும்போடு சேரும், 4 மாதத்தில் ஆடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போட்டுக்கொள்ளலாமா டாக்டர்?

பதில்: போட்டுக்கொள்வதால் பெரிய கெடுதல் வராது. ஆனால் அதை நம்பி 4ஆம் மாதம் மைதானத்தில் இறங்காதீர்கள்.

பிறவியிலேயே உள்ள ஜவ்வு, எலும்பில் நேராகப் போய் ஒட்டியிருப்பதில்லை. நார், மென்மையான நார்க்குருத்தெலும்பு, சுண்ணாம்பேறிய நார்க்குருத்தெலும்பு, எலும்பு என்று 4 அடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போகும். உங்களுக்கு எலும்பில் 8 மி.மீ. அளவில் துளையிட்டு, அதற்குள் தசைநாணைச் செலுத்திப் பொருத்துவார்கள். அங்கே அந்த 4 அடுக்கு திரும்ப உருவாவது அரிது. தழும்புத் திசுதான் இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அது கெட்டிப்பட 8 முதல் 12 வாரமாவது ஆகும். நாய்களில் செய்த ஆய்வில், முதல் 8 வாரத்துக்குள் இழுத்துப் பார்த்தால் தசைநாண் துளையிலிருந்தே உருவிக்கொண்டு வந்தது. 12 வாரத்துக்குப் பிறகு அப்படி வரவில்லை. (முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள தசைநாணை இருபுறமும் எலும்புத்துண்டோடு எடுத்து வைத்தால் எலும்போடு எலும்பு சேரும், அது 6 முதல் 8 வாரத்தில் முடிந்துவிடும்.)

பி.ஆர்.பி.க்கு உங்கள் ரத்தத்தில் 30 முதல் 60 மி.லி. எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் 3 முதல் 5 மடங்கு செறிந்த சில மி.லி. திரவத்தைப் பிரிப்பார்கள். தட்டணுக்கள் தூண்டப்பட்டதும் தம்மிடமுள்ள வளர்ச்சிக் காரணிகளில் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடும். ஒட்டு சேர்வதோ வாரக்கணக்கான வேலை. சிக்கலே இதில்தான். போதாக்குறைக்கு மூட்டு நீரும் அதைக் கழுவிக்கொண்டு போகும். நுண்துளை அறுவையில் மூட்டுக்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தாமல் பி.ஆர்.பி.யைச் செலுத்தினால் வடிகுழாய் வழியாகத்தான் போகும். சில ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ.யில் ஒட்டு சற்று முன்னதாக முதிர்ந்ததுபோல் தெரிந்தது. மூட்டின் உறுதியிலோ ஆட்டத்துக்குத் திரும்புவதிலோ உறுதியான லாபம் தெரியவில்லை.

தனித்தனிக் காரணிகளைச் செலுத்துவதும் எளிதல்ல. எலும்பு வளரத் தூண்டும் பி.எம்.பி.-2 என்ற காரணி விலங்குகளில் எலும்பைத் தசைநாணுக்குள் வளரவைத்தது. அளவு கூடினால் எலும்பைக் கரைக்கும் செல்களையும் கிளப்பித் துளையை அகலமாக்கிவிடும். அமெரிக்காவில் 2002இல் அதற்கு அனுமதி கிடைத்தது முதுகெலும்பு இணைப்புக்காக, ஜவ்வுக்காக அல்ல. ரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப்.பில் ஒட்டை ஊறவைத்து செம்மறியாடுகளுக்குப் பொருத்தியபோது, ரத்த ஓட்டம் கூடியது; ஆனால் 12 வாரத்தில் அவற்றின் மூட்டு, அப்படி ஊறவைக்காத ஒட்டு பொருத்திய மூட்டைவிடத் தளர்ந்திருந்தது. ரத்தம் கூடினால் பலமும் கூடும் என்ற கணக்கு இங்கே பலிக்கவில்லை.

பி.ஆர்.பி.யைவிட, ஒட்டு துளைக்குள் அசையாமல் இருப்பதுதான் முக்கியம் என்பேன். ஒட்டு மேலும் கீழுமாக ரப்பர்போல் இழுபட்டாலோ, துளையின் வாயில் துடைப்பான்போல் பக்கவாட்டில் அசைந்தாலோ துளை விரிந்துகொண்டே போகும். எனவே துளைக்குள் ஒட்டு எவ்வளவு நீளம் இருக்கும், எதைக்கொண்டு பொருத்துவார்கள் என்று சர்ஜனைக் கேளுங்கள். 15 முதல் 20 மி.மீ. உள்ளே இருந்தால் நல்லது. புகைப்பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். பி.ஆர்.பி. போடுவதானால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அவை தட்டணுக்களை மந்தமாக்கும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது.

6 முதல் 12 வாரம்தான் ஏமாற்றும் காலம். வீக்கம் வடிந்து, வலி போய், ஓடலாம்போலத் தோன்றும். ஆனால் பழைய செல்கள் செத்து, புது ரத்தக்குழாய்கள் நுழையும் அந்த நேரத்தில்தான் ஒட்டு மிகப் பலவீனமாக இருக்கும். வெட்டித் திரும்புவது, குதித்து இறங்குவது எல்லாம் அப்போது ஆகவே ஆகாது. ஆட்டத்துக்குத் திரும்ப 9 மாதமாவது ஆகட்டும். அப்போதும் நாளை மட்டும் எண்ணாதீர்கள்: முன்தொடைத் தசையின் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், ஒற்றைக்கால் தாண்டல் சோதனையிலும் அதே அளவு தேற வேண்டும்.