வாசகர் கேள்வி: பழைய நினைவு ஒரு நோயா?

கேள்வி: நாவலடியில் இருந்த எங்கள் வீடு 2004 ஆழிப்பேரலையோடு போய்விட்டது. இன்றும் தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கும் வாசனை வந்தால் அந்தக் குசினி கண்முன் நிற்கிறது. அழுகையும் ஆறுதலும் ஒன்றாக வருகின்றன. இது மனநோயா?
– வாசகி, கல்லடி

பதில்: இல்லை அம்மா. 1688இல் யொகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாழ்ந்த சுவிட்சர்லாந்துக்காரரிடம் கண்ட ஏக்கத்துக்கு ‘நொஸ்டால்ஜியா’ எனப் பெயரிட்டு, அதை நோயாகவே கருதினார். இன்றைய உளவியல் அவ்வாறு கருதுவதில்லை. இனிமையும் துயரும் கலந்து வருவதே அதன் இயல்பு.

மற்றைய புலன்களின் செய்திகள் தலமஸ் என்னும் இடைநிலையம் வழியே செல்ல, மணம் மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளை ஏறக்குறைய நேரடியாகச் சென்றடைவதால், இது என்ன கறி என்று மனம் பெயர் சொல்லும் முன்பே, புகை படிந்த அந்தச் சுவரும் அடுப்பைச் சுற்றி இருந்தவர்களும் எழுந்து வந்துவிடுகிறார்கள். தனிமையில் இருப்போரிடம் இந்த ஏக்கம் மிகுவதையும், அது எழுந்தபின் தமக்கும் மனிதர் உண்டு என்ற உணர்வு வலுப்பெறுவதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீங்கள் உணரும் ஆறுதல் அதுவே என்று நம்புகிறேன்.

ஆனால் அந்த நினைவால் உறக்கமும் உணவும் கெட்டால், அல்லது அலையின் காட்சி விரும்பாமலே திரும்பத் திரும்ப வந்தால், அது வேறு. தயங்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.