பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம்: உங்கள் கேள்விக்கு

வணக்கம் ஐயா. அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்கிறீர்கள். புது மென்பொருள் வந்துவிட்டதால் இனி அரை நாள் வந்தால் போதும், சம்பளமும் பாதிதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். "ஓய்வு நிறைந்த எதிர்காலம் என்பது இதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

நூறு ஆண்டுகளில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேர வேலையே போதுமானதாகிவிடும் என்று பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார். செல்வம் பெருகும் என்றது பலித்தது, ஓய்வு வரவில்லை. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குப் போகும் என்பது பேரத்தில்தான் முடிவாகிறது.

என் அப்பா ஈய எழுத்துக் கோத்தவர். கம்போசிங் ஸ்டிக் என்ற சிறு கைச்சட்டத்தில் அச்செழுத்துகளைத் தலைகீழாக அடுக்குவார். விரல் நுனியின் கருமை எந்தச் சோப்புக்கும் போகாது. கணினி வந்ததும் அந்த வேலை போயிற்று. பிழை பார்க்கும் கண் மட்டும் மிஞ்சியது. மெய்ப்புத் திருத்தியே மேலும் பத்தாண்டுகள் எங்களைக் காப்பாற்றினார்.

எனவே மணிக்கணக்கில் கூலி பேசாதீர்கள், பக்கக் கணக்கில் கேளுங்கள். மென்பொருளால் தினமும் எத்தனை பக்கம் கூடுகிறது, சந்தியிலும் ர-ற வேறுபாட்டிலும் அது எங்கெங்கே தடுமாறுகிறது, நீங்கள் எத்தனை இடங்களில் திருத்தினீர்கள் என்று ஒரு மாதம் நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டோடு முதலாளியிடம் உட்காருங்கள். அரை நாள்தான் என்றால், மீதி நேரத்தில் வெளிவேலை எடுக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.