பயிற்சிக்கு ஆள் அனுப்பினால் கவுண்டர் காலியாகிறதே!

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் மேலாளராக இருக்கிறேன். என்னையும் சேர்த்து ஆறே பேர். மாதம் ஒருவரை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டுகிறது. பயிற்சியால் உண்மையிலேயே வேலை வேகமாகிறதா? வியாபாரம் வளர்கிறதா?

பதில்: ஆள் இல்லாத அன்று வரிசை நீள்வது கண்ணுக்குத் தெரிகிறது. வேலை தெரியாததால் தினமும் வீணாகும் நேரம் தெரிவதில்லை.

நானும் இந்த மாவட்டத்தில் ஒரு கிளையில் குப்பை கொட்டியவன்தான். எங்களிடம் நகைக்கடன் வேலை ஒரே ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அவர் லீவு. மகள் கல்யாணத்துக்கு நகையைத் திருப்ப வந்த அம்மா, பணம் வைத்த மஞ்சள் பையை மடியில் அணைத்தபடி பதினொரு மணியிலிருந்து இரண்டரை வரை உட்கார்ந்திருந்தார். பணம் கையில், நகை லாக்கரில். கம்ப்யூட்டரில் கடனை முடிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தடவை அவர் அடகு வைத்தது எதிர்த்த கடையில்.

உங்கள் கிளையில் நகைக்கடன் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவருக்குத்தான் என்றால் அவரை விட்டுவிட்டு பக்கத்து சீட்டுக்காரரை அனுப்புங்கள். அப்புறம், விதிகளும் சும்மா இருப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிப்படி, சொந்தச் செலவுக்கான நகைக்கடன் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கடனை அடைத்தபின் வங்கியின் தவறால் நகை 7 வேலை நாளுக்குள் கைக்குப் போகாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. இது தெரியாத ஊழியரைவிடப் பயிற்சி மலிவு.

ஆன்லைன் பாடங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. மார்ச் கடைசியில், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அடுத்து, அடுத்து என்று தட்டி முடிப்பதுதான் நடக்கிறது. காலையில் கதவைத் திறக்குமுன் கால் மணி நேரம் எல்லோரும் உட்காருங்கள். சர்க்குலரை வாசிக்க வேண்டாம். முந்தின நாள் சொதப்பிய ஒரு வேலையை, பயிற்சிக்குப் போய் வந்தவரே செய்து காட்டட்டும்.

பலன் தெரிய, தப்பு இருந்ததால் திரும்பி வந்த கணக்குப் படிவங்களின் எண்ணிக்கையையும் ஒரு நகை திருப்ப ஆகும் நேரத்தையும் மூன்று மாதம் குறித்து வையுங்கள். டெபாசிட் ஏறியதை மட்டும் பயிற்சிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உங்கள் ஊரில் அது பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்ததாலும் இருக்கலாம்.

சரி, வரிசைக்கு என்ன செய்வது? தேதியை மேலே இருந்து சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமையும், முகூர்த்தத்துக்கு முந்தின நாளும் வேண்டாம்.