சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் வந்த பிறகு

கேள்வி: சென்னையிலிருந்து கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. அமைதி வேண்டும் என்றுதான் வந்தோம். இப்போது அந்த அமைதியே பாரமாக இருக்கிறது. இப்படி இடம் மாறியவர்கள் எப்படிப் பழகிக்கொண்டீர்கள்?

பதில்:

உங்களுக்குப் பாரமாக இருப்பது அமைதி இல்லை என்று நினைக்கிறேன். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் என்னை அழுத்தியது வேறு. ஊரில் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்காகக் காத்திருப்பார்கள், கவலைப்படுவார்கள். அது என்னவென்றே எனக்குத் தெரியாது. அதனால் எனக்கு மட்டும் ஊர் வெறிச்சென்று இருந்தது.

என் கணவருக்கு வங்கி வேலை. அம்பாசமுத்திரத்துக்கு மாற்றல் வந்ததும், மகளின் பள்ளி ஆண்டு முடிந்த கையோடு 2023 மே மாதம் எல்லோருமாக வந்துவிட்டோம். நான் கணக்கு வேலை பார்ப்பவள். என் சென்னை அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சம்மதித்தது. நான் பிறந்து வளர்ந்தது மாம்பலம், கல்யாணத்துக்குப் பிறகு வேளச்சேரி. திருநெல்வேலிச் சீமையில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது.

இந்த ஊரை அம்பை என்பார்கள். தாமிரபரணிக்கு இக்கரையில் நாங்கள், அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. மேற்கே பார்த்தால் பொதிகை மலை. பார்க்க வந்த சென்னை நண்பர்கள் எல்லோரும் "என்ன அமைதி!" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். இருந்து பார்த்தால்தான் தெரியும், இங்கே சத்தத்துக்கும் காலம் உண்டு. மார்கழியில் விடிவதற்கு முன்பே ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா என்றால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும். என் மகள் முதல் கொடைக்குக் காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். இப்போது தோழிகளோடு முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடுகிறாள்.

எங்கள் வீட்டில் அதிகம் தவித்தது நான்தான். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணவருக்குக் கிளையில் காலையிலிருந்து மனிதர்கள். மகளுக்குப் பள்ளி. இரண்டு பேருக்கும் ஊர் தானாகவே கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் எனக்கு உடம்பு அம்பையிலும் பேச்செல்லாம் சென்னையிலுமாக இருந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி இருந்தால் அவர்களைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். "உனக்கென்ன, வீட்டில்தானே இருக்கிறாய்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம்.

அப்புறம், இங்கே யாரும் போன் பண்ணிவிட்டு வருவதில்லை. கதவு திறந்திருந்தால் நேரே அடுக்களை வரைக்கும் வந்து "இன்னைக்கு என்ன குழம்பு?" என்பார்கள். நான் மீட்டிங்கில் இருப்பேன். மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நேராகவே சொன்னேன்: "ஆச்சி, காலையில பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் எனக்கு ஆபீஸ் வேலை. அதுக்கப்புறம் எப்ப வேணும்னாலும் வாங்க." அவர் கொஞ்சமும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். யாராவது எங்கள் வாசலில் நின்றால் திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்: "அந்தப் பிள்ளைக்கு வேலை கெடக்கு, பொறவு வா." நகரத்தில் நாம் பூட்டிய கதவால் சொல்வதை இங்கே வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் மதிக்கிறார்கள்.

ஊர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது ஒரு பலசரக்குக் கடையில். சாமான் கட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் ஒருவர் "பாபநாசம் எத்தனை?" என்றார். அண்ணாச்சி நாளிதழைப் புரட்டி ஓர் எண்ணைச் சொன்னார். கேட்டவர் முகம் வாடிவிட்டது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது அணையின் நீர்மட்டம். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. அன்றைக்கு எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வரத்து, எவ்வளவு திறப்பு என்று நாளிதழில் தினமும் போடுகிறார்கள். சென்னையில் அந்தப் பத்தியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

இங்கே நெல் இரண்டு போகம். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன் வாக்கில் தொடங்குவது கார். ஐப்பசி மழையை ஒட்டி வருவது பிசானம். மலையில் மழை தவறினால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா என்பதே கேள்விதான். திறக்காவிட்டால் நடவு ஆளுக்கு வேலை இல்லை, உரக்கடையில் வியாபாரம் இல்லை, அந்த அண்ணாச்சி கடையில் கடன் நோட்டு நீளும். "எத்தனை அடி?" என்ற கேள்விக்குள் இத்தனையும் இருக்கிறது. அன்றிலிருந்து நானும் காலையில் அந்தப் பத்தியைப் பார்க்கத் தொடங்கினேன். பால் கொண்டுவரும் அக்காவிடம் "நேத்தைக்கு ரெண்டடி ஏறியிருக்கு போலக்கா" என்று ஒரு நாள் சொன்னேன். அவர் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு, எந்த வயல் எந்தக் கால்வாயில் பாய்கிறது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் போனார். அதுவரை அவர் என்னிடம் பேசியதெல்லாம் பால் கணக்கு மட்டும்தான்.

அந்த வருடம் டிசம்பரில் அதே எண்கள் பயமுறுத்தவும் செய்தன. 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் தெருவில் மின்சாரமும் போன் சிக்னலும் இல்லாத அந்த இரவில், அணையிலிருந்து எவ்வளவு விடுகிறார்கள் என்பதை மட்டும்தான் வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆறு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சிதான் என்னைப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். விடிந்ததும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து போவோம். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்த டாக்டர் நன்றாகப் பார்க்கிறார், எந்த மில்லில் அரிசி சுத்தம், எல்லாம் அங்கேதான் தெரியவரும். இட்லிக்கு ஏ.எஸ்.டி. 16 அரிசி வாங்கு என்று சொல்லிக்கொடுத்ததும் படித்துறைதான். இதே ஊர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986இல் வெளியான ரகம் அது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல்தான் சரியான கூட்டு என்பதையும் அங்கேதான் கற்றேன். இத்தனை அருமையான ஆற்றில், பாபநாசத்தில் பரிகாரம் என்று கட்டிய துணியை விட்டுவிட்டுப் போகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. வெளியூரிலிருந்து வருகிற யாரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறார்கள்.

இனி, பழகாத விஷயங்கள். மருத்துவம் முதலாவது. மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். சாதாரணக் காய்ச்சல், சளிக்கு அம்பையிலேயே பார்த்துக்கொள்ளலாம். சிறப்பு மருத்துவர் வேண்டுமென்றால் திருநெல்வேலிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் உடம்பு நன்றாக இருந்தபோதே ஒரு மருத்துவரைப் போய்ப் பார்த்துப் பழைய ரிப்போர்ட்டுகளையும் காட்டிவிட்டு வந்தோம். ராத்திரியில் கூப்பிட்டால் வருகிற கார் ஓட்டுநர் ஒருவரின் எண்ணும் வீட்டில் எல்லோரிடமும் உண்டு. நீங்களும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மின்சாரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கு மீட்டிங் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

தோழிகளைப் பிரிந்த ஏக்கம் மட்டும் தீரவே இல்லை. படித்துறையில் எல்லாம் பேசலாம்தான், ஆனால் கல்லூரிக் காலத்துத் தோழியிடம் பேசுவது போல ஆகாது. அதற்கு மாற்று இந்த ஊரில் இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். வேண்டும் என்று தோன்றும்போது போய்விட்டு வருகிறேன். ஆனால் வந்த புதிதில் வாரக் கடைசிதோறும் சென்னைக்கு ஓடுவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே இருந்ததால்தான் கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிப் போன ஒரு கல்யாண வீட்டில்தான் முதன்முதலாகச் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பைச் சாப்பிட்டேன்.

உங்கள் கோபிப் பக்கம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் அங்கேயும் ஊரின் பேச்சு தண்ணீரில்தான் தொடங்கும் என்று தைரியமாகச் சொல்வேன். பவானிசாகர் அணையின் முழு மட்டம் 105 அடி. கொடிவேரி அணைக்கட்டிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிகின்றன. இன்னொரு பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிறது. உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வயல்கள் எந்த வாய்க்காலில் பாய்கின்றன, எப்போது திறப்பார்கள், இப்போது மஞ்சளா நெல்லா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு விவசாயம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டால் போதும், உட்கார வைத்துச் சொல்வார்கள்.

திரும்பிப் போகத் தோன்றுமா என்று சிலர் கேட்பதுண்டு. என் கணவருக்கு அடுத்த மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் அவர் மட்டும் போவது, மகள் பள்ளிப் படிப்பு முடிக்கும் வரை நானும் அவளும் அம்பையிலேயே இருப்பது என்று பேசி முடித்துவிட்டோம். வீட்டு உரிமையாளரும் சம்மதித்துவிட்டார்.